ஏழேகால் பஸ்ஸில் வரும் காயங்கள்

எங்கள் கூடைப்பந்து அணியின் சென்டர் தவசிலிங்கத்துக்குக் காயங்கள் பஸ்ஸில் வரும். பெரும்பாலும் காலை ஏழேகால் பஸ்.

ஆட்டத்தில் அவனுக்கு ஒன்றும் ஆகாது. ரீபவுண்டுக்கு எகிறுவான். நாலு பேர் அவன்மேல் விழுவார்கள், அவன் நாலு பேர்மேல் விழுவான். எழுந்து டவுசரில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு நடந்து போவான். மறுநாளோ அதற்கு மறுநாளோ கரட்டூர் பஸ் நிறுத்தத்தில் யாராவது ஒருவர் பையோடு இறங்குவார். எதிரே இருக்கும் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, "தவசிலிங்கம் வீடு எதுங்க?" என்று கேட்பார்.

கடைக்காரர் கையைக் காட்டுவதற்கு முன்னால், "எந்த எடம்?" என்று கேட்டுக்கொள்வார்.

"வலது கணுக்கால்" என்பார் வந்தவர். அல்லது "தொடை" என்பார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் எங்கள் கோச் ஜெபமணி சாருக்குத் தகவல் போய்விடும்.

என் பெயர் சுருளி. அணியில் பாயிண்ட் கார்டு. பந்தைத் தட்டிக்கொண்டு போய்த் தவசி கையில் சேர்ப்பது என் வேலை. இருவரும் ஒரே காம்பவுண்டில் குடியிருந்தோம். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதனால் வந்தவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும்.

சுளுக்கு ஒல்லியான மனிதர். வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். வெற்றிலை போடுவார், யாரிடமும் அதிகம் பேச மாட்டார், ஐந்தாம் நாள் கிளம்பிவிடுவார். தசைப்பிடிப்பு இரண்டு பேர். அண்ணன் தம்பி. அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. "தவசி, அந்த ஆளை ஃபேனைக் கொறைக்கச் சொல்லு" என்பார் ஒருவர். "தவசி, அதெல்லாம் கொறைக்க முடியாதுன்னு சொல்லு" என்பார் மற்றவர். விரல் பிசகு ஒரு டீச்சர். சனி, ஞாயிறு மட்டும் வந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்.

யார் வந்தாலும் தவசி வாசலுக்குப் போய்ப் பையை வாங்கிக்கொள்வான். கால் கழுவத் தண்ணீர் கொடுப்பான். அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் அவனுக்கு வலி ஆரம்பிக்கும். காயம் யார் வீட்டில் சாப்பிடுகிறதோ வலி அவருக்கு. இது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருமுறை தவசி வீட்டில் இட்லி மாவு தீர்ந்துபோய், சுளுக்கு என் வீட்டில் இரண்டு இட்லி சாப்பிட்டார். அன்று மத்தியானம்வரை நான் நொண்டினேன்.

கிளம்பும்போது தவசியே பஸ் நிறுத்தம்வரை கூடப் போவான். வலி இருந்தாலும் போவான். கைக்குட்டையை ஜன்னல் வழியாகப் போட்டு அவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுப்பான்.

"அவன் வழியனுப்புற அழகுக்கே திரும்பி வர்றாக" என்று ஜெபமணி சார் வருத்தப்படுவார். "மூஞ்சியக் கொஞ்சம் கடுகடுன்னு வச்சுக்கடான்னா கேக்க மாட்டேங்குறான்."

தவசி வைத்துப் பார்த்தான். வரவில்லை.

போன ஆடி மாதம் முழங்கால் ஜவ்வுக் கிழிசல் வந்தது. அது மட்டும் பஸ்ஸில் வரவில்லை. குட்டியானை வண்டியில் பீரோ, கிரைண்டர், கட்டில், ஒரு பெண்பிள்ளை சைக்கிள் எல்லாவற்றோடும் வந்து இறங்கியது. நடுத்தர வயதுக்காரர், மனைவி, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள். மகள் பெயர் பொன்மயில். நாங்கள் அவரை ஜவ்வண்ணன் என்று கூப்பிட்டோம். தங்கமான மனிதர். வந்த மூன்றாம் நாளே காம்பவுண்டு குழாய்க்கு வாஷர் மாற்றினார். பொன்மயிலைக் கரட்டூர் உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தார்கள். அப்போதே எங்களுக்குப் புரிந்துவிட்டது. பரிட்சை முடியாமல் இவர்கள் போகப்போவதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளையை நடுவில் பள்ளிக்கூடம் மாற்றச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

தவசியின் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியது. ஆடி போய், ஐப்பசி போய், தை வந்தது. நாங்கள் ஏழு ஆட்டங்களில் ஆறில் தோற்றோம்.

மாசி மாதம் ஏழுமதகிலிருந்து கடிதம் வந்தது.

ஏழுமதகு அணிக்கும் எங்களுக்கும் பங்குனி இருபதாம் தேதி கடைசி ஆட்டம். இரண்டு அணிகளுமே பட்டியலில் அடியில் கிடந்தோம். தோற்கிறவர்கள் இரண்டாம் பிரிவுக்குப் போக வேண்டியதுதான். கடிதத்தில் எழுதியிருந்தது இதுதான்: உங்கள் தவசிலிங்கத்தை எங்களுக்குக் கொடுங்கள். எங்கள் சென்டர் இன்னாசியை உங்களுக்குத் தருகிறோம். இன்னாசிக்குப் பதினாலு வருடத்தில் ஒரு காயம்கூட வந்ததில்லை.

அது உண்மைதான். ஏழுமதகுக்குப் பஸ் கிடையாது. கால்வாயின் ஏழு மதகுகளையும் ஒவ்வொன்றாக நடந்துதான் தாண்ட வேண்டும். பையோடு வருகிற யாரும் மூன்றாவது மதகோடு திரும்பிவிடுவார்கள்.

எங்கள் கழகத் தலைவர் வெள்ளைப்பாண்டி அண்ணன் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருக்கிறார். கூட்டம் அங்கேதான் நடக்கும். உறுப்பினர்கள் பதின்மூன்று பேரும் சைக்கிள் கேரியர்களில் உட்கார்ந்தோம். தவசி உறுப்பினர் இல்லை. விளையாடுகிற காலத்தில் சென்டர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று விதி.

"நேராப் பேசுவோம்" என்றார் வெள்ளைப்பாண்டி அண்ணன். "அவன் நல்ல ஆட்டக்காரன். இந்த ஜில்லாவுல அவன மாதிரி ஒரு சென்டர் கெடையாது. ஆனா நல்ல ஆட்டக்காரன் வீட்டுல ஒக்காந்து வெண்டைக்கா நறுக்கிக்கிட்டு இருந்தா நமக்கு என்ன புண்ணியம்?"

"அவன் அங்க போனா ஆடிருவான்ல" என்றார் ஜெபமணி சார். "பஸ்ஸு இல்ல. ஒரு பயலும் வர மாட்டாக. நாலு குவார்ட்டரும் ஆடுவான். நமக்கு எதிராத்தான் ஆடுவான்."

"அப்ப கொடுக்க வேணாம்" என்றார் ஓர் உறுப்பினர்.

"கொடுக்கலைன்னா நமக்கும் ஆட மாட்டானே."

"அப்ப கொடுத்துருவோம்."

"ஏம்ப்பா, நீ எந்தப் பக்கம்?" என்று அவரைக் கேட்டார் வெள்ளைப்பாண்டி அண்ணன்.

"நான் கேட்டுக்கிட்டு இருக்கேண்ணே."

அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டார். "தவசி போயிட்டா, ஜவ்வண்ணன் குடும்பம் யாரு வீட்டுல சாப்புடும்?"

வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் வந்த விருந்தாளியைப் பக்கத்து வீடுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் அதை யாரும் சொல்லித் தருவதில்லை. பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"சுருளி இருக்கான்ல" என்றார் வெள்ளைப்பாண்டி அண்ணன், ஆறுதலாக.

"அப்ப பாயிண்ட் கார்டுக்கு முட்டி போயிருமே" என்றார் ஜெபமணி சார்.

"இன்னாசி வந்துருவாருல்ல."

"இன்னாசிக்குப் பந்தை யாரு கொடுக்குறது?"

ஏழுமதகுக்காரர்களை முறைப்படி வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லலாம் என்று முடிவெடுத்துக் கலைந்தோம். வீட்டுக்கு வரும் வழியில் கொடுக்கலாம் என்று ஒரு எட்டும், வேண்டாம் என்று ஒரு எட்டும் வைத்துப் பார்த்தேன். வாசலுக்கு வந்தபோது எந்தக் காலில் நிற்கிறேன் என்று மறந்துவிட்டது.

தவசி வீட்டுக்குள் கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தான். அவன் உயரம் ஆறடி ஏழங்குலம். அந்த வீட்டில் கால் நீட்டினால் பாதம் வாசலுக்கு வெளியே வந்துவிடும். நான் பாதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னடா சொன்னாய்ங்க?"

"ஒண்ணும் முடிவாகல."

"நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"நீ என்னதான் நெனைக்கிற?"

"கொடுக்கலாம்னு தோணுது. வேணாம்னும் தோணுது."

"ரெண்டும் ஒரே நேரத்துலயா?"

"இல்ல. மாத்தி மாத்தி."

அவன் ஒரு கொத்தை உருவி முடித்தான். "நாலாவது குவார்ட்டர் ஆடி மூணு வருசம் ஆச்சு சுருளி. முழுசா ஆடுனா காயம் பஸ் ஏறிரும்னு சாரு ஒக்கார வச்சிருவாரு. அந்த நேரத்துக்கு வெயில் எந்தப் பக்கமிருந்து அடிக்கும்னே மறந்துபோச்சு. ஒரே ஒரு தடவ, முழுசா ஆடிப் பாக்கணும். அது ஏழுமதகுன்னாலும் சரிதான்."

"சரி, அப்ப போ."

"நீ இல்லாம அங்க போயி என்ன பண்ண?"

"அப்ப போகாத."

"உன்கிட்ட யோசனை கேட்டேன் பாரு" என்று கீரைக் காம்பை என்மேல் எறிந்தான்.

உள்ளேயிருந்து ஜவ்வண்ணன் வந்தார். கையில் நனைந்த துணி இருந்தது. தவசியின் முட்டியில் ஒத்தடம் வைப்பது தினமும் அவர்தான்.

"எங்களாலதான் தம்பிக்குச் செரமம்" என்றார். "புள்ளைக்குப் பரிட்சை மட்டும் முடிஞ்சிரட்டும். அன்னைக்குச் சாயங்காலமே வண்டியச் சொல்லிருவேன்."

"எப்பண்ணே முடியுது?"

"பங்குனி இருபத்தொண்ணு."

ஆட்டம் இருபதாம் தேதி. அவர் துணியைப் பிழிந்து முட்டியில் வைத்தார். தவசி, "இப்பத்தாண்ணே எதமா இருக்கு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஏழுமதகுக்காரர்கள் வந்தார்கள். மேனேஜர் முத்துராக்கு அண்ணனும் இன்னாசியும்.

ஆள் மாற்றுவதற்கு எங்கள் ஜில்லாவில் ஒரு முறை உண்டு. வருகிறவர்கள் ஆட்டக்காரனைப் பார்க்கலாம், உயரம் அளக்கலாம், குதிக்கச் சொல்லலாம். ஆனால் பேச்சு முடியாமல் கை நனைக்கக் கூடாது. சம்பந்தம் பேசப் போகிற இடத்தில் எப்படியோ அப்படித்தான் இதுவும். சாப்பாட்டில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்த ஆள் அந்த ஊருக்குத்தான். அதனால் வந்தவர்களுக்குத் தண்ணீர் மட்டும் கொடுப்போம். அதையும் அவர்கள் பாதிதான் குடிப்பார்கள்.

முத்துராக்கு அண்ணன் தவசியின் முட்டியை விரலால் அழுத்திப் பார்த்தார். "இதெல்லாம் எங்க ஊருக்கு வந்தா ஒரு மாசத்துல வத்திரும்" என்றார் வெள்ளைப்பாண்டி அண்ணனிடம். "காத்து அப்படி."

"காத்து இல்லண்ணே. பஸ்ஸு இல்ல."

"எதுவோ ஒண்ணு."

இன்னாசி வாசலிலேயே நின்றார். தவசியைவிட ஒரு அங்குலம் உயரம். முப்பத்தைந்து வயது இருக்கும். தனி ஆள். அவர் வீட்டுக்கு விருந்தென்று ஒருவரும் வந்ததில்லை. தானும் எந்த வீட்டுக்கும் விருந்துக்குப் போனதில்லை. அதனால் செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே தசைப்பிடிப்பு சகோதரர்கள் முந்தின நாள்தான் வந்திருந்தார்கள், ஃபேன் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஜவ்வண்ணன் மனைவி தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். பொன்மயில் சுவரில் சாய்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இன்னாசி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"உள்ள வாங்கண்ணே" என்றாள் பொன்மயில். "நீங்க நெட்டையாத்தான இருக்கீங்க? ஒரு கோபுரத்தோட அடியிலருந்து முப்பது மீட்டர் தள்ளி ஒருத்தன் நிக்கிறான். உச்சியப் பாக்குறான். எனக்கு இது வரவே மாட்டேங்குது."

இன்னாசி செருப்பை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனார். "நான் கோபுரம்னு வச்சுக்க" என்றார். "நீ அந்த மூலைக்குப் போ. என் தலையப் பாரு. கழுத்து எவ்வளவு நிமிருது?"

அவள் பார்த்தாள். எழுதினாள். கணக்கு வந்துவிட்டது. அடுத்த கணக்கில் அவர் கலங்கரை விளக்கமாக நின்றார், அதற்கடுத்து மின்கம்பம். நாங்கள் வாசலில் பேச்சுவார்த்தையில் இருந்தோம். முத்துராக்கு அண்ணன் தவசியோடு சேர்த்து ஒரு பழைய போர்டும் வேண்டும் என்று கேட்க, வெள்ளைப்பாண்டி அண்ணன், "ரிங்கையும் கழட்டிட்டுப் போங்களேன்" என்று சொல்ல, குரல் கொஞ்சம் உயர்ந்தது. அந்த நேரத்தில் உள்ளே ஜவ்வண்ணன் மனைவி எல்லோருக்கும் போடுகிற மாதிரி இன்னாசிக்கும் ஒரு தட்டு வைத்து இரண்டு தோசை போட்டிருக்கிறார். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது இன்னாசி மூன்றாவது தோசையில் இருந்தார்.

"டேய் இன்னாசி" என்றார் முத்துராக்கு அண்ணன் மெதுவாக.

இன்னாசி தலை நிமிர்ந்தார். கையைப் பார்த்தார். சட்னி இருந்தது.

"யாரும் வச்சதில்லண்ணே" என்றார். "வச்சதும் சாப்புட்டுட்டேன்."

முத்துராக்கு அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைப்பாண்டி அண்ணன் அவருக்கு மீதித் தண்ணீரைக் கொடுத்தார். இனி அதை முழுதாகக் குடிக்கலாம்.

கை நனைத்த ஆளைத் திருப்பி அனுப்ப முடியாது. இன்னாசி எங்கள் ஆள் ஆகிவிட்டார். பதிலுக்கு ஒருவரை நாங்கள் கொடுத்தாக வேண்டும். அதுவும் முறைதான். அன்று சாயங்காலமே சைக்கிள் ஸ்டாண்டில் வாக்கெடுப்பு வைத்தார்கள். தவசியைக் கொடுக்கலாம் என்பவர்கள் வலது கையைத் தூக்க வேண்டும். தவசி இருக்கட்டும், வேறு யாரையாவது பார்க்கலாம் என்பவர்கள் இடது கை.

வலது கை ஆறு. இடது கை ஆறு.

"சுருளி" என்றார் ஜெபமணி சார். "ஒன் கை எங்கப்பா?"

என் கைகள் இரண்டும் சைக்கிள் சீட்டின்மேல் இருந்தன. நான் நிதானமாக யோசிக்கத்தான் நினைத்தேன். தவசி போனால் முழு ஆட்டம் ஆடுவான், அது அவனுக்கு நல்லது. தவசி போனால் நான் யாருக்குப் பந்து கொடுப்பேன், அது எனக்கு நல்லதல்ல. தவசி இருந்தால் வெண்டைக்காய் நறுக்குவான், அது அவனுக்கு நல்லதல்ல. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பான். இதில் எது கேள்வி, எது பதில் என்று ஒரு கட்டத்துக்குமேல் பிரிக்க முடியவில்லை. அவனுக்காக வலது கையைத் தூக்கினேன். அது மேலே போகும்போதே பக்கத்தில் இடது கையும் போய்க்கொண்டிருந்தது. இரண்டும் மேலே போய் நின்றுவிட்டன.

வெள்ளைப்பாண்டி அண்ணன் கழகத்தின் விதிப் புத்தகத்தை எடுத்து எச்சில் தொட்டுப் புரட்டினார்.

"இருக்கு" என்றார். "'இரு கையும் தூக்கியவர் இரு அணிக்கும் பொதுவானவர். மாற்றாள் தேவைப்படும் பட்சத்தில் அவரையே கொடுக்கலாம்.'"

விதி தெளிவாக இருந்தது. நான் கையை இறக்கினேன்.

ஸ்டாண்டு ஓரத்தில் காத்திருந்த முத்துராக்கு அண்ணன் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். மேலிருந்து கீழே வர அதிக நேரம் ஆகவில்லை. நான் ஐந்தடி ஐந்து.

"நாங்க கேட்டது சென்டரு" என்றார்.

"கை நனைச்சது உங்க ஆளுண்ணே" என்றார் வெள்ளைப்பாண்டி அண்ணன்.

"அதுக்குத்தான வாயத் தொறக்காம நிக்கிறேன்" என்றார். "வாங்க தம்பி. ஏழாவது மதகு கொஞ்சம் வழுக்கும். பாத்து வரணும்."

தவசி காம்பவுண்டு வாசல்வரை நொண்டிக்கொண்டு வந்தான். என் பையை அவனே தூக்கி வந்து கொடுத்தான்.

"ஏண்டா ரெண்டு கையையும் தூக்குன?"

"தெரியல."

"ஒண்ணத் தூக்கியிருந்தா நான் போயிருப்பேன். இல்ல இருந்திருப்பேன்."

"இப்பவும் இருக்கேல்ல."

"நான் இருக்கேன். நீ?" என்றான்.

ஏழுமதகில் எனக்கு இன்னாசியின் வீட்டைக் கொடுத்தார்கள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய். பாய் ரொம்ப நீளம். கதவுக்குத் தாழ்ப்பாளே வைக்கவில்லை, யாரும் தட்டியதில்லை என்பதால். இன்னாசி கரட்டூரில் என் வீட்டில் குடியேறினார்.

பிறகு நடந்ததை எனக்குக் கால்வாய் காவல்காரர் சொன்னார். பொன்மயில் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இன்னாசி குடியேறிய என் வீட்டுக்கே போய்விட்டாளாம். படித்து முடிக்கும்வரை திரும்ப முடியாது, சாப்பாட்டு நேரம் வந்துவிடும், அங்கேயே சாப்பிட்டுவிடுவாள். மகள் அங்கே சாப்பிடும்போது தாய் தகப்பன் தவசி வீட்டில் சாப்பிட்டால் சரியாக இராது என்று ஜவ்வண்ணனும் மனைவியும் கிரைண்டரோடு அங்கே போய்விட்டார்கள். தசைப்பிடிப்பில் அண்ணன் மட்டும் கூடப் போனார். தம்பிக்கு ஃபேன் முழுதாகக் கிடைத்ததும் அலுத்துப்போய் ஊருக்குக் கிளம்பிவிட்டார். விருந்தாளியை நாமே அடுத்த வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அவர்களாகப் போனால் குறையில்லை. ஒரு வாரத்தில் தவசியின் முட்டி வற்றிவிட்டது. இன்னாசியின் முட்டி வீங்கிவிட்டது.

"அந்த ஆளு வீங்குன காலைத் தெருவுல போற எல்லாருக்கும் காட்டுறாரு" என்றார் காவல்காரர். "'எங்க வீட்டுக்கு ஆளு வந்துருக்காக'ன்னு சொல்றாரு."

பங்குனி இருபதாம் தேதி நான்கு மணிக்கு ஆட்டம். கரட்டூர் சிமெண்டுத் தரையில் நான் முதல்முறையாக எதிர்ப் பக்கத்தில் நின்றேன். ஏழுமதகின் பனியன் பச்சை. இன்னாசிக்குத் தைத்தது, முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கரட்டூர்க்காரர்கள் கோட்டுக்கு வெளியே நின்று, "பாவாடை, பாவாடை" என்று கத்தினார்கள். எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள்தான்.

தவசி முதல் குவார்ட்டரில் பன்னிரண்டு புள்ளி எடுத்தான். இரண்டாவதில் ஒன்பது. எங்களுக்குச் சென்டர் இல்லாததால் முத்துராக்கு அண்ணன் என்னை அவனுக்குக் காவல் போட்டிருந்தார். நான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் நின்றேன். அவன் என் தலைக்குமேல் பந்தைப் போட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது குவார்ட்டரில் இரண்டு தடவை பழக்கதோஷத்தில் பந்தை அவன் கையில் கொடுத்துவிட்டேன். அவனும் பழக்கதோஷத்தில் வாங்கி ரிங்கில் போட்டுவிட்டு, "நல்ல பாஸு" என்றான். முத்துராக்கு அண்ணன் டைம் அவுட் கேட்டார். எந்த அணிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்தார். நான் அதை டவுசர் மடிப்பில் செருகிக்கொண்டேன்.

நாலாவது குவார்ட்டர் ஆரம்பிக்க ரெஃப்ரி விசில் ஊதினார். ஜெபமணி சார் வழக்கம்போலத் தவசியை உட்காரச் சொல்லப் பாதி எழுந்து, நினைவு வந்து உட்கார்ந்துகொண்டார். தவசி நடுக்கோட்டில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தான்.

"தண்ணித் தொட்டிப் பக்கமிருந்து அடிக்குது சுருளி" என்றான்.

"என்னது?"

"வெயிலு."

நான் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் தூண்களுக்கு நடுவில் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது. அவன் முகம் முழுக்க அது இருந்தது. கண் கூசினாலும் மூடாமல் நின்றான். அந்த நேரத்தில் நான் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியிருக்கலாம். காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

அறுபத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு. கரட்டூர் ஜெயித்தது. நாங்கள் ஜெயித்தோமா தோற்றோமா என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. கரட்டூர்க்காரர்கள் தவசியைத் தூக்கினார்கள். கூட்டத்தில் ஒரு காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்த என்னை முத்துராக்கு அண்ணன் வந்து விடுவித்தார். ஏழு மதகுகளையும் வரிசையாகத் தாண்டி ஊருக்குப் போனோம். இரண்டாம் பிரிவில் விளையாட எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. ஆனால் ஏதோ ஒன்றுக்கு வருத்தமாக இருந்தது. எதற்கு என்று தேடிக்கொண்டே தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை அரிசி களைந்துகொண்டிருந்தபோது கதவை யாரோ தட்டினார்கள். தாழ்ப்பாள் இல்லாத கதவு, தட்டியதும் திறந்துகொண்டது. தவசி குனிந்து நின்றுகொண்டிருந்தான். கையில் பை இருந்தது. பேண்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. ஏழாவது மதகில் வழுக்கியிருக்க வேண்டும்.

"வா" என்றேன். பையை வாங்கிக்கொண்டேன். கால் கழுவத் தண்ணீர் கொடுத்தேன். இருந்த ஒரு தட்டில் பழைய சோறும் வெங்காயமும் வைத்தேன். அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபோது, என் இடது விலாவுக்குக் கீழே ஒரு வலி மெதுவாக வந்து உட்கார்ந்தது. மூச்சு இழுத்துப் பார்த்தேன். பாதிவரைதான் போயிற்று.

பயிற்சிக்குக் கூப்பிட வந்த முத்துராக்கு அண்ணன் வாசலிலிருந்தே பார்த்தார். என்னையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து காயப் படிவத்தை எடுத்தார். ஏழுமதகில் அதுவரை அந்தப் படிவத்தை யாரும் நிரப்பியதில்லை. மடிப்பு ஒட்டிக்கொண்டிருந்ததால் ஊதிப் பிரித்தார்.

"எந்த எடம்?"

"இடது விலாண்ணே."

"காயத்தோட பேரு?"

"தவசிலிங்கம்."

எழுதிக்கொண்டார். "எத்தன நாளு ஆகும்?"

நான் தவசியைப் பார்த்தேன். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான். பிறகு இன்னாசியின் பாயை விரித்துப் படுத்துப் பார்த்தான். கால் உள்ளேயே இருந்தது.

"உலையில இன்னொரு ஒழக்கு அரிசி போடு" என்றான்.

நான் விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய்ப் போட்டேன்.